உப்பை வெட்டியவர் யார்? இப்னு பதூதாவையும் வணிகப் பாதைகளையும் பிள்ளைகளுக்குக் கற்பித்தல்

கண்டி மாவட்டத்திலுள்ள ஒரு முஸ்லிம் பாடசாலையில் நான் வரலாறு கற்பிக்கிறேன். கொலம்பஸ், வாஸ்கொடகாமா பற்றிப் பேச வேண்டிய பாடம் வரும்போதெல்லாம் இப்னு பதூதாவுக்கென ஒரு பாடவேளையை ஒதுக்கிவிடுவேன். ஐரோப்பியர் கடலில் இறங்குவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே எமது ஆள் ஒருவர் உலகைச் சுற்றினார் என்று சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மலரும். எனக்கும் உள்ளூர ஒரு பெருமை. 1304இல் தஞ்சியர் நகரில் பிறந்தார், 1325இல் 21 வயதில் தனியே ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார், ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கும் அதிகமாகப் பயணித்தார் என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். பாடம் முடிந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், பாடத்துக்குச் சுவை சேர்க்கத் தகாஸா என்ற பாலைவன ஊரைப் பற்றிச் சொன்னேன். அங்கே வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டிருந்தன, கூரைக்கு ஒட்டகத் தோல், மரம் என்று ஒன்றுகூட இல்லை என்று இப்னு பதூதா சொல்கிறார். வகுப்பு வாயைப் பிளந்து கேட்டது. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழும்பினாள்.

"சேர், தண்ணியும் சரியில்ல, சாப்பாடும் வெளியிலருந்து வரணும் என்டா, அந்த ஊருல இருந்து உப்பு வெட்டினது யாரு?"

விடை எனக்குத் தெரியும். அதே பக்கத்தில்தான் இருக்கிறது: மஸூஃபா குலத்தாரின் அடிமைகள். ஆனால் என் வாயில் வந்த சொல் "தொழிலாளர்கள்" என்பது. மணியடித்தது, நானும் வெளியே வந்துவிட்டேன்.

அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. நான் கொடுத்தது பொய் விடை. அடுத்த பாடவேளையில் அதைத் திருத்தினேன். அதன் பின் இந்தப் பாடத்தை நான் கற்பிக்கும் முறையே மாறிவிட்டது. அதைத்தான் சக ஆசிரியர்களுக்காகவும், பிள்ளைகளுடன் இருந்து பாடம் படிக்கும் பெற்றோருக்காகவும் எழுதுகிறேன்.

பாதை முதலில், பயணி பிறகு

பயணியின் பெயரிலிருந்து பாடத்தைத் தொடங்கினால் அவர் ஒரு வீரராக மட்டும் நிற்பார். பாதையிலிருந்து தொடங்கினால் அவரைச் சுமந்த ஒட்டகம், வழிகாட்டி, கிணறு, வியாபாரி எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இப்னு பதூதா எந்தப் பாதையையும் கண்டுபிடிக்கவில்லை. அவர் போன வழிகளில் அவருக்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவர் செய்த பெரிய காரியம், போனதோடு நில்லாமல் கண்டதைச் சொன்னதுதான்.

அவரது பயணங்களில் வகுப்பறைக்கு மிகப் பொருத்தமானது கடைசிப் பயணமான சஹாராப் பயணம் என்பது என் அனுபவம். 1352 பெப்ரவரியில், ஹிஜ்ரி 753 முஹர்ரம் மாதத்தில், மொரோக்கோவின் தென்பகுதியிலிருந்த ஸிஜில்மாஸா நகரிலிருந்து ஒரு வணிகக் கூட்டத்துடன் புறப்படுகிறார். புறப்படுமுன் ஒட்டகங்களையும் அவற்றுக்கு நான்கு மாதத் தீனியையும் வாங்குகிறார். 25 நாட்களில் தகாஸா. இன்றைய மாலி நாட்டின் வடக்கில் அந்த இடம் இருக்கிறது.

இங்கே ஒரு கணக்குக் கொடுக்கலாம். சுமையோடு நடக்கும் ஒட்டகக் கூட்டம் நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோமீற்றர் போகும். 25 நாளில் எவ்வளவு தூரம்? 750 முதல் 1000 என்று பிள்ளைகள் சொல்வார்கள். பிறகு வரைபடத்தில் அளவுகோலை வைத்து ஸிஜில்மாஸாவிலிருந்து தகாஸா வரை அளக்கச் சொல்லுங்கள். நேர்கோட்டில் ஏறத்தாழ 850 கிலோமீற்றர் வரும். ஏறக்குறைய 670 வருடங்களுக்கு முன் ஒருவர் சொன்ன நாட்கணக்கு தங்கள் அளவுகோலோடு ஒத்துப்போவதைக் காணும்போது பிள்ளைகளுக்கு வரும் ஆச்சரியத்தை எந்த நூறு சொற்களாலும் கொடுக்க முடியாது. ஒரு பழைய நூலைச் சோதித்துப் பார்க்கலாம் என்பதையும் அப்போதே கற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்தது விலை. ஓர் ஒட்டகம் இரண்டு உப்புப் பாளங்களைச் சுமக்கும். அந்தச் சுமையின் விலை வலாத்தாவில் 8 முதல் 10 மித்கால் பொன். இன்னும் தெற்கே மாலியின் தலைநகரில் அதே சுமை 20 முதல் 30, சில வேளை 40 மித்கால். (ஒரு மித்கால் ஏறத்தாழ நாலேகால் கிராம்.) ஏன் விலை ஏறியது என்று கேட்டால் பிள்ளைகள் தாங்களே சொல்வார்கள்: தூரம், தண்ணீர், ஆபத்து, அங்கே உப்புக் கிடைக்காதது. அந்த நாட்டில் உப்பைத் துண்டு துண்டாக வெட்டிப் பணம்போலக் கொடுத்து வாங்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். எதிர்த்திசையில் பொன் வடக்கே போனது. 1324இல் ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் மாலி மன்னர் மன்ஸா மூஸா அள்ளிக்கொடுத்த பொன்னும் அந்த நாட்டிலிருந்து போனதுதான். 1375இல் வரையப்பட்ட கற்றலான் வரைபடத்தில் கையில் பொன்னோடு அமர்ந்திருப்பவரும் அவர்தான். வணிகப் பாதை என்பதன் பொருள் இந்த ஓர் உதாரணத்திலேயே முழுமையாகப் புரிந்துவிடும்.

பிறகுதான் ஆட்கள். தகாஸாவுக்கு அப்பால் பத்து நாள் நீரற்ற வெளி. அவர்கள் போன வேளை மழைநீர் தேங்கிய குட்டைகள் கிடைத்தன. அந்த வெளியில் கூட்டத்திலிருந்த ஒருவர் தன் உறவினரோடு சண்டைபிடித்துக்கொண்டு பின்தங்கினார். அவர் திரும்பி வரவேயில்லை. அதுவரை கூட்டத்துக்கு முன்னால் விரைந்து போய்த் தன் ஒட்டகத்தை மேயவிடும் பழக்கமுள்ள இப்னு பதூதா, அதன் பின் முன்னாலும் போகவில்லை, பின்தங்கவும் இல்லை. சுற்றுலா போகும்போது "கூட்டத்தை விட்டுப் போகாதீங்க" என்று நாம் தொண்டை கிழியச் சொல்வதை இந்த ஒரு சம்பவம் சொல்லிவிடும்.

கடைசிக் கட்டத்துக்குத் தக்ஷீஃப் என்ற தூதர் வேண்டும். கூட்டத்துக்கு முன்னால் தனியாகப் பாலையைக் கடந்து வலாத்தாவுக்குப் போய்க் கடிதங்களைச் சேர்ப்பார். அங்கிருந்து ஆட்கள் நான்கு நாள் தூரம் தண்ணீரோடு எதிரே வருவார்கள். அவர் வழியில் இறந்தால் கூட்டத்தில் பலருக்கும் அதே கதிதான். அவருக்குக் கூலி 100 மித்கால் பொன், அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அந்த மனிதருக்கு ஒரு கண் பார்வையில்லை, மற்றக் கண்ணும் நோயுற்றது. ஆனாலும் அந்த வழியை அவரைப்போல அறிந்தவர் இல்லை. இந்த இடத்தை வாசிக்கும்போது எந்த வகுப்பிலும் சத்தமே இருக்காது.

இரண்டு மாதப் பயணத்தின் பின் வலாத்தா. அங்கிருந்து மாலியின் தலைநகர். மன்னர் மன்ஸா சுலைமானிடமிருந்து வரவேற்புப் பரிசு வருகிறது என்றதும் பட்டாடையும் பணமும் எதிர்பார்த்து எழும்பி நிற்கிறார். வந்தது மூன்று ரொட்டி, ஒரு துண்டு பொரித்த மாட்டிறைச்சி, ஒரு சுரைக்குடுவைத் தயிர். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைகளுக்கும் வரும்.

மறைத்த பக்கத்தைத் திறந்தபோது

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். மறுநாள் வகுப்பில் சொன்னேன்: "நேற்று நான் தொழிலாளர்கள் என்று சொன்னேன். அது சரியில்லை. அவர்கள் அடிமைகள். அவர்களுக்குப் பேரீச்சம்பழம் வடக்கிலிருந்தும் தானியம் தெற்கிலிருந்தும் வர வேண்டும். ஒட்டக இறைச்சியும் உண்டு. தண்ணீர் உப்புக் கரிக்கும். இப்னு பதூதா அங்கே பத்து நாள்தான் தங்கினார், அதுவே அவருக்குப் பெரும் கஷ்டமாக இருந்தது. அவர்கள் அங்கேயே இருந்தார்கள்."

அதோடு நிறுத்தவில்லை. 1353இல் அவர் திரும்பி வந்த வணிகக் கூட்டத்தில் ஏறத்தாழ 600 அடிமைப் பெண்கள் கொண்டுவரப்பட்டார்கள் என்பதையும், அவரே தன் பயணங்களில் அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் சொன்னேன்.

வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. பிறகு ஒரு மாணவன் கேட்டான்: "அவர் காழியா இருந்தவர்தானே சேர்? எப்படி அப்படிச் செஞ்சார்?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் முதல் நாள் "தொழிலாளர்கள்" என்றேன் என்பது அப்போது எனக்கு விளங்கியது. என்னால் முடிந்த விடையைச் சொன்னேன். அடிமையை விடுதலை செய்வதை மார்க்கம் பெரும் நன்மையாகச் சொன்னது, பல குற்றங்களுக்குப் பரிகாரமாகவும் வைத்தது. ஆனாலும் முஸ்லிம் ஆட்சிகளிலும் சந்தைகளிலும் அடிமை வணிகம் நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது. அந்தக் காலத்துக் கிறிஸ்தவ நாடுகளிலும் ஆசிய நாடுகளிலும் அது இருந்தது. பிறகு ஐரோப்பியர் அத்திலாந்திக் கடல் வழியே அதை மிகப் பயங்கரமான அளவுக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்களும் செய்தார்கள் என்பதால் எமது ஆட்கள் செய்தது இல்லாமல் போகாது. இரண்டையும் தெரிந்துகொள்வதுதான் வரலாறு.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று ஆசிரியர் அறையில் ஒருவர் என்னிடம் கேட்டார். "பிள்ளைகளுக்கு எங்கட ஆட்களைப் பற்றிப் பெருமையாச் சொல்லத்தானே ஒரு பாடம் இருக்கு, அதையும் ஏன் கெடுக்கணும்?" என்றார். அவர் கவலை எனக்குப் புரிகிறது. இந்த நாட்டு வரலாற்றுப் பாடநூல்களில் முஸ்லிம்களுக்குக் கிடைத்த இடம் போதாது என்று நாம் நீண்ட காலமாகக் கேட்டு வருகிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் "முழு வரலாற்றையும் எழுதுங்கள்" என்று அடுத்தவரிடம் கேட்பவர், தன் வகுப்பறையில் பாதி வரலாற்றைச் சொல்லக்கூடாது. நாம் சொல்லாமல் விட்டதை நாளைக்குப் பிள்ளை கைபேசியில், எம்மை வெறுக்கும் ஒருவரின் வாயால் கேட்கும். அப்போது அது இப்னு பதூதாவை மட்டும் சந்தேகிக்காது, சொல்லித்தந்த எம்மையும் சந்தேகிக்கும்.

நான் பயந்ததுபோல எதுவும் நடக்கவில்லை. பிள்ளைகள் இப்னு பதூதாவை வெறுக்கவில்லை. அவர் சொன்னதைக் கவனமாக வாசிக்கத் தொடங்கினார்கள். மாலியில் பயணிக்குக் கள்ளர் பயம் இல்லை, அங்கே இறந்துபோகும் வெளிநாட்டவரின் சொத்தை உரியவர் வரும்வரை நம்பிக்கையான ஒருவரிடம் பாதுகாத்து வைப்பார்கள் என்று அவர் மெச்சியதைக் கண்டுபிடித்தார்கள். அந்நாட்டவரின் உடையும் வழக்கமும் பிடிக்காமல் அவர் முகம் சுளித்த இடங்களையும் கண்டுபிடித்தார்கள். ஒரு மனிதர் நியாயமாகப் பார்த்ததும் பார்க்கத் தவறியதும் ஒரே புத்தகத்தில் இருக்கும் என்பது பன்னிரண்டு பதின்மூன்று வயதில் விளங்கிவிட்டால் அது சிறிய இலாபமல்ல.

ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதியது

இப்னு பதூதா தன் நூலைத் தானே எழுதவில்லை. மொரோக்கோவின் மரீனிய சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி அவர் சொல்ல, இப்னு ஜுஸைய் என்ற இளம் எழுத்தாளர் எழுதினார். 1355இல் நூல் முடிந்தது. சில இடங்களின் வர்ணனையை இப்னு ஜுஸைய் முந்திய பயணியான இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்துச் சேர்த்தார். இப்னு பதூதா போனதாகச் சொல்லும் சில இடங்களுக்கு அவர் உண்மையிலேயே போனாரா என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். வொல்கா நதிக்கரையிலிருந்த புல்கார் நகரம் அவற்றில் ஒன்று.

மார்கோ போலோவின் கதையும் இப்படித்தான். 1271இல் 17 வயதில் வெனிஸிலிருந்து சீனா நோக்கிப் புறப்பட்டு 1295இல் திரும்பியவர், ஜெனோவாவில் சிறையிலிருந்தபோது உடனிருந்த ருஸ்திகெல்லோ என்ற கதாசிரியருக்குச் சொன்னதுதான் அவரது நூல்.

இதற்கு ஒரு சின்னப் பயிற்சி உண்டு. இரண்டு பிள்ளைகளை ஒன்றாக இருத்துங்கள். ஒருவர் கடந்த விடுமுறையில் போன பயணத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். எழுதியதை வாசிக்கும்போது "நான் அப்படிச் சொல்லவேயில்ல!" என்று வகுப்பே சத்தம்போடும். எழுதியவர் எதைக் கூட்டினார், எதை விட்டார் என்று பட்டியலிடுங்கள். மூலாதாரத்தை எப்படி வாசிப்பது என்பதை ஆசிரியர் கலாசாலையில் எனக்கு ஒரு தவணை முழுக்கச் சொல்லித்தந்தார்கள். அதைவிடத் தெளிவாக இந்த நாற்பது நிமிடம் சொல்லிவிடுகிறது.

நேரமிருந்தால் இன்னும் இருவரை வரைபடத்தில் சேருங்கள். 629இல் சீனாவிலிருந்து மத்திய ஆசியா வழியே இந்தியாவுக்கு வந்து, 645இல் 657 பௌத்த நூல்களோடு திரும்பிய சுவான்சாங் ஒருவர். மற்றவர் ரப்பான் ஸௌமா. இன்றைய பெய்ஜிங் பகுதியிலிருந்து 1275 அளவில் ஜெரூசலம் நோக்கிப் புறப்பட்ட கிழக்குத் திருச்சபைத் துறவி. பக்தாதில் தங்கி, பிறகு மங்கோலிய ஆட்சியாளர் அர்கூனின் தூதராக 1287இல் ரோமாபுரிக்கும் பாரிஸுக்கும் போனார். மார்கோ போலோ மேற்கிலிருந்து கிழக்கே போன அதே காலத்தில் ஒருவர் கிழக்கிலிருந்து மேற்கே வந்தார் என்றதும் பிள்ளைகளின் மனதிலுள்ள வரைபடமே திரும்பிவிடும். ஒரு முஸ்லிம், ஒரு பௌத்தர், இரண்டு கிறிஸ்தவர்கள். பாதை எல்லோருக்கும் பொது. "பட்டுப்பாதை" என்ற பெயரே 1877இல் ரிச்தோபன் என்ற ஜேர்மன் புவியியலாளர் பரப்பியது என்பதையும், அது ஒரே வீதியல்ல, சந்தைக்குச் சந்தை கைமாறிய பல வழிகளின் பின்னல் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

எமது வாசலில் நின்ற மாடுகள்

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்பார்கள். நான் தலைகீழாகச் செய்கிறேன். சஹாராவை முடித்துவிட்டுக் கண்டிக்கு வருகிறேன்.

கண்டி இராச்சியத்துக்கு உப்பு கடலோரத்திலிருந்துதான் வர வேண்டும். புத்தளத்து உப்பும் கருவாடும் புடைவையும் மாட்டின் முதுகில் இருபக்கமும் பொதியேற்றி மலைநாட்டுக்கு வந்தன. பாக்கும் மிளகும் கீழே போயின. இந்தப் பொதிமாட்டுக் கூட்டத்தைத் தவளம் என்பார்கள். அதில் முஸ்லிம்களின் பங்கு பெரியது. அரசனின் பொதிமாட்டுச் சேவைக்கு "மடிகே" என்ற தனிப் பிரிவே இருந்தது. இன்றும் மலைநாட்டில் மடிகே என்ற சொல்லோடு முஸ்லிம் கிராமங்கள் இருக்கின்றன. லோர்னா தேவராஜா இலங்கை முஸ்லிம்களைப் பற்றிய தன் நூலில் இந்தப் போக்குவரத்தை எடுத்துக்காட்டியிருக்கிறார்.

"வீட்டில் பெரியவர்களிடம் தவளம் பற்றிக் கேட்டுவாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். பாதிப் பேர் வெறுங்கையோடு வந்தார்கள். ஒரு பையன் தன் மூத்தாப்பா சொன்னதாக, மாட்டின் கழுத்து மணிச்சத்தத்தை வைத்தே யாருடைய தவளம் வருகிறது என்று ஊர் அறியுமாம் என்று எழுதிக்கொண்டு வந்தான். எந்தப் பாடநூலும் அவனுக்குத் தராத ஒரு வரி அது.

இப்னு பதூதா எமது மண்ணிலும் நடந்தவர். 1344இல் கடல்வழியாகப் புத்தளம் பகுதியில் இறங்கினார். அங்கே ஆட்சிசெய்த ஆரியச்சக்கரவர்த்திக்குப் பாரசீக மொழி விளங்கியது. பாவாதமலைக்குப் போக வேண்டும் என்று கேட்டபோது மன்னர் பல்லக்கும் கொடுத்து, நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் தன் ஆட்கள் பத்துப் பேரையும் உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் உடன் அனுப்பினார். ஒரு முஸ்லிம் பயணியை யோகிகளும் பிராமணர்களும் மலைக்கு அழைத்துப் போன இந்தக் காட்சியை நான் எப்போதும் ஆசையோடு சொல்வேன். இப்போது அதோடு இன்னொன்றையும் சொல்கிறேன்: அந்தப் பல்லக்கைச் சுமந்தவர்கள் மன்னரின் அடிமைகள். நான் சொல்லுமுன்பே வகுப்பில் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "தூக்கினது யாரு சேர்?"

மூன்று பாடவேளை போதும்

இதற்குப் புதிய பாடத்திட்டம் தேவையில்லை. மூன்று பாடவேளை போதும். முதலாவதில் வரைபடம், அளவுகோல், உப்பின் விலை. இரண்டாவதில் தக்ஷீஃபின் கதையும், சொல்பவர் எழுதுபவர் பயிற்சியும். மூன்றாவதில் தவளமும் வீட்டிலிருந்து கொண்டுவந்த செய்திகளும். ஒரு துண்டுக் கல்லுப்பை மேசையில் வையுங்கள். ஆண்டுகளை மனனம் செய்யச் சொல்லாதீர்கள், பரீட்சைக்கு வேண்டியவை தாமாக நினைவில் நிற்கும். எந்தப் பயணியின் பெயரைச் சொன்னாலும் நான்கு கேள்விகளைப் பழக்கப்படுத்துங்கள்: வழியை யார் அறிந்திருந்தார்? தண்ணீரை யார் தந்தார்? சுமையை யார் சுமந்தார்? கதையை யார் எழுதினார்?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை இன்று பாடசாலையில் அடிமைகளைப் பற்றிப் படித்தேன் என்று வந்து சொன்னால் பதறவேண்டாம், பேச்சை மாற்றவும் வேண்டாம். கேட்டதை முழுதாகச் சொல்லவிடுங்கள். உங்கள் வாப்பாவும் மூத்தாப்பாவும் எதைச் சுமந்து எந்த வழியே வந்தார்கள் என்று நீங்களும் அதற்குச் சொல்லுங்கள்.

அன்று கேள்வி கேட்ட மாணவி இப்போது உயர்தரம் படிக்கிறாள். அண்மையில் பஸ்தரிப்பிடத்தில் கண்டு ஸலாம் சொன்னாள். கலைப்பிரிவில் வரலாறு எடுத்திருக்கிறாளாம். "ஏன் வரலாறு?" என்று கேட்டேன். "நீங்க ஒருநாள் வந்து நேற்றுச் சொன்னது பிழை என்டு சொன்னீங்களே சேர், அதாலதான்" என்றாள்.